ஹேக் மனு சேவை: கட்டணம் இல்லை, அவகாசமும் இல்லை

பெற்றோரில் ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார். அல்லது விடுமுறைக்கென்று கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார். இதற்கென்றே அரசுகள் சேர்ந்து நடத்தும் சேவை ஒன்று இருக்கிறது. 1980 அக்டோபர் 25-இல் முடிவாகி, 1983 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், இப்படிப்பட்ட பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கைப்படி, உறுப்பு நாடு ஒவ்வொன்றும் ஒரு மைய அதிகார அமைப்பை வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பிடம் மனுக் கொடுத்தால், அது பிள்ளை இருக்கும் நாட்டின் அமைப்புக்கு அனுப்பும். அங்கே பிள்ளையைத் தேடிப் பார்ப்பார்கள், பேசிப் பார்ப்பார்கள், படியாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன.

சேவையின் பெயரைக் கேட்டதும் பலர் இதைக் காவலுரிமை வழக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அல்ல. பிள்ளை தாயிடமா தகப்பனிடமா என்ற வழக்கை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. திருப்பி அனுப்பும் ஆணை காவலுரிமை பற்றிய தீர்ப்பு ஆகாது என்று 19-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. பிள்ளை திரும்புவதும் நாட்டுக்குத்தான், மனுதாரர் வீட்டுக்கு அல்ல. கூட்டிப் போனவரே பிள்ளையோடு திரும்பி வந்து, தனி வீடு பிடித்து, அங்குள்ள நீதிமன்றத்தில் வழக்கை நடத்தலாம். பிள்ளையைக் கையில் வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்தச் சேவை ஏமாற்றத்தைத்தான் தரும்.

இந்த வேறுபாடு பிடிபடாததால் கெட்டுப்போகும் மனுக்கள் ஏராளம். நல்ல தகப்பன் என்று சான்றிதழ்கள், பிறந்தநாள் படங்கள், எதிராளியின் குணக்கேடுகள் என்று கட்டுக்கட்டாக இணைக்கிறார்கள். நீதிபதி கேட்கும் கேள்விக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அதைவிடக் கேடு ஒன்று உண்டு: பிள்ளையின் நலன் எங்கே என்ற முழு விசாரணைக்கு மனுதாரரே கதவைத் திறந்துவிடுகிறார். அந்த விசாரணையைத்தான் எதிர்த்தரப்பு விரும்பும். நாள் ஓடும், பிள்ளை புது இடத்தில் வேர் பிடிக்கும்.

யாருக்குக் கிடைக்கும்

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு நாடுகளுக்கும் இடையில் உடன்படிக்கை செல்லுபடியாகிறதா என்பது. இரண்டும் உறுப்பு நாடுகளாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. உடன்படிக்கையை உருவாக்கியது ஹேக் மாநாட்டு அமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு; அந்தக் காலத்தில் அதில் உறுப்பினராக இருந்த நாடுகள் ஒப்புதல் அளித்து உள்ளே வந்தவை. மற்றவை பிற்பாடு இணைந்தவை. அப்படி இணைந்த நாட்டை மற்ற நாடு ஏற்றுக்கொள்வதாகத் தனியே அறிவித்தால்தான் அந்த இருவருக்கும் இடையில் உடன்படிக்கை நடப்புக்கு வரும். 38-ஆம் பிரிவு இதுதான். மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியலோடு இந்த ஏற்பு அட்டவணையும் இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன்பே அதைப் பார்த்துவிடலாம். தேதியும் முக்கியம்: அந்த இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை நடப்புக்கு வந்த பிறகு நடந்த கடத்தல்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இந்தியா உறுப்பு நாடு அல்ல. உறுப்பில்லாத நாடுகள் சம்பந்தப்பட்டால் இந்தச் சேவையே கிடையாது. அந்தந்த நாட்டு நீதிமன்றம் தன் சொந்தச் சட்டப்படி, பெரும்பாலும் பிள்ளையின் நலன் என்ற அளவுகோலை வைத்து முடிவு செய்யும்.

பிள்ளைக்கு 16 வயது நிரம்பியிருக்கக் கூடாது. வழக்கு நடுவில் இருக்கும்போது நிரம்பினாலும் உடன்படிக்கை அத்தோடு விலகிக்கொள்ளும். 15 வயதுப் பிள்ளைக்காக மனுப் போடுபவர் மேல்முறையீட்டுக் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மனுதாரருக்குக் காவலுரிமை இருந்திருக்க வேண்டும், அதை அவர் உண்மையில் செலுத்தியும் வந்திருக்க வேண்டும். உரிமை உண்டா என்பதைப் பிள்ளை முன்பு வாழ்ந்த நாட்டின் சட்டமே சொல்லும். நீதிமன்ற ஆணை இருந்தாக வேண்டும் என்பதில்லை, சட்டமே தானாகக் கொடுத்த உரிமையும் போதும். பிள்ளையை வெளிநாடு கொண்டுபோகத் தன் சம்மதம் தேவை என்ற ஒற்றை உரிமைகூடக் காவலுரிமைதான் என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே வந்து பார்த்துப் போகும் உரிமை மட்டும் உள்ளவர் திருப்பி அனுப்பக் கோர முடியாது. திருமணம் செய்துகொள்ளாத தந்தையர் இதில் அடிபடுகிறார்கள். சில நாடுகளின் சட்டம் அவர்களுக்குத் தானாக உரிமை தருவதில்லை, நீதிமன்றத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும். அப்படிப்பட்ட சட்டம் தவறல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2010-இல் சொல்லிவிட்டது. பிள்ளை போன பிறகு வாங்கும் ஆணை இந்த ஓட்டையை அடைக்காது.

மனுவில் என்ன வேண்டும்

8-ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: மனுதாரர், பிள்ளை, கூட்டிப் போனவர் மூவரின் அடையாள விவரம், தெரிந்தால் பிள்ளையின் பிறந்த தேதி, எந்த அடிப்படையில் கேட்கிறார் என்பது, பிள்ளை எங்கே, யாரோடு இருக்கலாம் என்பதற்குக் கையில் உள்ள தகவல் முழுவதும். மாதிரிப் படிவம் ஒன்று உண்டு. பல நாடுகள் அதையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கின்றன. இவற்றோடு ஏற்கெனவே ஆணையோ ஒப்பந்தமோ இருந்தால் சான்றிட்ட நகலை இணைக்கலாம். அந்த நாட்டுச் சட்டப்படி காவலுரிமை யாருக்கு என்று சொல்லும் சான்றிதழ் அல்லது பிரமாணப் பத்திரத்தையும் சேர்க்கலாம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்நியச் சட்டத்தை நீதிபதி தானாகவே கவனத்தில் எடுத்துக்கொள்ள 14-ஆம் பிரிவு இடம் கொடுத்தாலும், இரண்டு பக்கத்தில் சட்டப் பிரிவையும் அதன் பொருளையும் எழுதிக் கொடுத்தால் ஒரு வாய்தா மிச்சம். உங்கள் சார்பில் நடவடிக்கை எடுக்க அதிகாரம் தரும் கடிதத்தையும் மைய அமைப்பு கேட்கலாம். அதை முதல் கட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

ஆவணங்களுக்குத் தூதரக முத்திரை போன்ற சடங்குகள் எதுவும் தேவையில்லை, 23-ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது. மொழிபெயர்ப்புதான் இடிக்கும். மூலத்தோடு, மனு போய்ச் சேரும் நாட்டின் அரசு மொழியில் மொழிபெயர்ப்பு வேண்டும். அது கைகூடாவிட்டால் ஆங்கிலமோ பிரெஞ்சோ போதும், ஆனால் அந்த இரண்டில் ஒன்றை ஏற்க மாட்டோம் என்று நாடுகள் விலக்கு வைத்துக்கொள்ள முடியும். எந்த மொழி என்று பார்க்காமல் அனுப்பினால் கோப்பு மேஜையிலேயே கிடக்கும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் வேண்டாம். மனு, ஆணை, சட்டச் சான்று, நாலைந்து முக்கிய ஆவணங்கள் போதும்.

வழக்கமான வாழிடம்

மனுவின் உயிர்நாடி இதுதான். கடத்தலுக்குச் சற்று முன்பு பிள்ளையின் வழக்கமான வாழிடம் எந்த நாடு? இதற்கு உடன்படிக்கை வரையறை எதுவும் தரவில்லை. குடியுரிமையையோ கடவுச்சீட்டையோ வைத்து இது தீர்மானமாவதில்லை. பெற்றோரின் எண்ணம் முதலிடமா, பிள்ளையின் அன்றாட வாழ்க்கை முதலிடமா என்று நீதிமன்றங்கள் வெகுகாலம் பிளவுபட்டிருந்தன. 2018-இல் கனடா உச்ச நீதிமன்றம் பெற்றோரின் எண்ணத்தை மட்டும் பிடித்துத் தொங்கும் முறையைக் கைவிட்டது. 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது. இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் பிள்ளை அந்தச் சூழலில் எவ்வளவு ஒன்றியிருந்தது என்பதையே அளவாகக் கொள்கின்றன.

அதனால் ஆதாரங்களும் அந்த வகையாக இருக்க வேண்டும்: பள்ளிச் சேர்க்கை, வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, மருத்துவர் பதிவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தத்தின் கால அளவு, இருவழிப் பயணச்சீட்டு, சாமான்களைக் கப்பலில் ஏற்றினார்களா இல்லையா. பயணத்துக்கு முன் பெற்றோர் இருவரும் பரிமாறிய செய்திகளில் திரும்பும் தேதி இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. தற்காலிகமாக ஒரு வருடம் போய் இருப்பதாக இருந்தால், அதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தத் தாள் ஒன்றே காப்பாற்றாது. கனடா வழக்கும் அப்படிக் கால வரம்போடு கொடுத்த சம்மதத்திலிருந்து பிறந்ததுதான்.

கைக்குழந்தை என்றால் சிக்கல் வேறு. குழந்தையின் சூழல் என்பது அதைப் பராமரிப்பவரின் சூழல்தான் என்பதால் பெற்றோரின் வாழ்க்கை நிலைமைக்கு எடை கூடும். அதற்கும் எல்லை உண்டு. பெற்றோர் இருவரின் விருப்பப்படி ஒரு நாட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்த குழந்தையை, கால்கூட வைக்காத இன்னொரு நாட்டில் வாழிடம் உள்ளதாகச் சொல்ல முடியாது என்று 2017-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் முடிவு செய்தது. பிரசவத்துக்குப் போனவர் குழந்தையோடு வரவில்லை என்ற வகை வழக்குகளில் மனுதாரர் பக்கம் பலவீனமானது. அதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

ஒரு வருடம், 6 வாரம்

12-ஆம் பிரிவின்படி, பிள்ளையைக் கூட்டிப் போன அல்லது வைத்துக்கொண்ட நாளிலிருந்து வழக்கு தொடங்கிய நாள்வரை ஒரு வருடம் ஆகவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வருடம் தாண்டினால், பிள்ளை புதுச் சூழலில் நிலைபெற்றுவிட்டது என்ற எதிர்வாதத்துக்கு வழி பிறக்கிறது. இங்கேதான் பெரும் விபத்து நடக்கிறது. உடன்படிக்கை எண்ணுவது, பிள்ளை இருக்கும் நாட்டின் நீதிமன்றத்தில் அல்லது முடிவெடுக்கும் நிர்வாக அமைப்பில் நடவடிக்கை தொடங்கும் நாளை. சொந்த நாட்டின் மைய அமைப்பில் மனுவைக் கொடுத்ததோடு கடிகாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் காத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளை இருக்கும் இடத்தை எதிராளி மறைத்துவைத்திருந்தாலும் அந்த ஒரு வருடத்தை நீட்ட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. மறைத்தார் என்பதை நிலைபெறுதலுக்கு எதிரான வாதமாக மட்டுமே வைக்கலாம்.

வைத்துக்கொண்ட வழக்குகளில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே சண்டையாகும். பொதுவாக ஒப்புக்கொண்ட திரும்பும் தேதி. அதற்கு முன்பே இனி வரமாட்டோம் என்று எதிராளி தீர்மானித்து வெளிக்காட்டிவிட்டால் அந்த நாளாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முந்தைய தேதியை வைத்து எண்ணுவதுதான் பத்திரம்.

இதற்கெல்லாம் மாற்று வழி 29-ஆம் பிரிவு: மைய அமைப்பைத் தவிர்த்துவிட்டு நேரே அந்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். பிள்ளை இருக்கும் இடம் தெரிந்து, வழக்கறிஞருக்குப் பணமும் இருந்தால் என் பரிந்துரை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது. இடம் தெரியாதபோது மைய அமைப்பை விட்டால் வேறு நல்ல வழி இல்லை, தேடும் வசதி அதனிடம்தான் இருக்கிறது. எந்த வழியில் போனாலும், அந்த நாட்டில் எதிராளி ஏற்கெனவே காவல் வழக்குப் போட்டிருந்தால், 16-ஆம் பிரிவுப்படியான அறிவிப்பை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி மைய அமைப்பிடம் முதல் நாளிலேயே கேட்க வேண்டும். அறிவிப்பு கிடைத்தபின் திருப்பி அனுப்பும் கேள்வி தீரும்வரை அங்கே காவல் வழக்கில் தீர்ப்பளிக்கக் கூடாது. மனுதாரர் தாமே அங்கே காவல் கேட்டு வழக்குப் போட்டால் கதை தலைகீழாகும். அந்த நாட்டு நீதிமன்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதையே திருப்பி வாதாடுவார்கள்.

வேகம் பற்றி 11-ஆம் பிரிவு பேசுகிறது. 6 வாரத்தில் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான், அதற்கு மேல் தண்டனை எதுவும் இல்லை. மாநாட்டு அமைப்புக்காகத் திரட்டிய புள்ளிவிவரத்தின்படி 2015-இல் வந்த மனுக்கள் முடிவடையச் சராசரியாக 164 நாள் ஆனது, 45 விழுக்காட்டில் பிள்ளை திரும்பியது. 2021-இல் 207 நாள், 39 விழுக்காடு. அது பெருந்தொற்றுக் காலம் என்று சமாதானம் சொல்லலாம். 164 நாளே 6 வாரத்தைப்போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்தச் சேவையில் நான் குறைந்த மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான்.

செலவில் நல்ல மதிப்பெண். மைய அமைப்புகள் தங்கள் வேலைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, வழக்குச் செலவுக்குப் பிணைத்தொகையும் கேட்கக் கூடாது. வழக்கறிஞர் கட்டணத்தில் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் மைய அமைப்பு வழியாக வரும் மனுதாரருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும். அமெரிக்கா இந்தச் செலவை ஏற்பதில்லை என்று விலக்கு வைத்திருக்கிறது. கட்டணமில்லாமலோ குறைத்தோ வாதாட முன்வரும் வழக்கறிஞர்களின் பட்டியலை நம்ப வேண்டியிருக்கிறது. திரும்பும் பயணச் செலவு எங்கும் மனுதாரர் தலையில் விழலாம்.

எங்கே தோற்கிறது

சம்மதம், பிற்பாடு ஒத்துக்கொண்டது, கடும் ஆபத்து, பிள்ளையின் மறுப்பு, ஒரு வருடத்துக்குப் பிறகு நிலைபெற்றது: எதிர்வாதங்கள் பெரும்பாலும் இவைதான். ஒத்துக்கொண்டது என்பதற்கு ஆதாரத்தை மனுதாரர்களே தயாரித்துக் கொடுக்கிறார்கள். சண்டையை ஆற்றுவதற்காக அனுப்பிய "சரி, இந்த வருஷம் அங்கேயே படிக்கட்டும்" என்ற ஒரு வரி போதும். சமரசம் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் திரும்பி வருவதற்கான கோரிக்கையைக் கைவிடவில்லை என்ற வாசகம் இருக்கட்டும்.

கடும் ஆபத்து என்ற 13-ஆம் பிரிவின் விலக்குதான் இன்று பெரும்பாலான வழக்குகளின் களம். இந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது காவலுரிமை கிடைக்காத தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. நடப்பு வேறு: 2021 புள்ளிவிவரத்தில் கூட்டிப் போனவர்களில் நான்கில் மூன்று பேர் தாய்மார்கள். அவர்களில் பலர் வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்ததாகச் சொல்கிறார்கள். குற்றச்சாட்டை ஒதுக்கிவிட்டு இயந்திரம்போல அனுப்பக் கூடாது, மெய்யாகவே ஆராய்ந்து காரணம் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2013-இல் கூறியது. ஆபத்து உறுதியான பிறகும் அதைத் தணிக்கும் வழிகள் அனைத்தையும் தேடித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த விலக்கைப் பற்றி மட்டும் 2020-இல் மாநாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. இரு தரப்பும் படிக்க வேண்டியது.

மனுதாரர் இதை எதிர்கொள்ளும் வழி மறுத்துக் கத்துவது அல்ல. பாதுகாப்பு ஏற்பாடுகளை அவரே முன்வைக்க வேண்டும்: தனி வீடு, முதல் சில மாதச் செலவு, அணுகத் தடை ஆணை, குற்றப் புகாரைத் திரும்பப் பெறுதல். வாய் உறுதிமொழிக்கு எல்லை கடந்து பலம் இல்லை. சொந்த நாட்டு நீதிமன்றத்தில் அதையே ஆணையாக வாங்கி நீட்டினால்தான் நீதிபதி நம்புவார். குற்றப் புகாரைக் கொடுக்கும்போதே திரும்பப் பெற முடியுமா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். சில இடங்களில் முடியாது. வந்தால் கைது என்ற நிலைமையே பிள்ளை திரும்புவதற்கு எதிரான வாதமாகிவிடும். எதிராளிக்கு அந்த நாட்டில் நுழைய விசா இருக்கிறதா என்பதும் அதே வகைச் சிக்கல்.

இந்த இடத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய 1996 ஹேக் உடன்படிக்கை கைகொடுக்கும், இரண்டு நாடுகளும் அதிலும் சேர்ந்திருந்தால். அதன்படி, கடத்தல் நடந்தாலும் பழைய வாழிட நாட்டின் நீதிமன்றமே அதிகார வரம்பைத் தக்கவைத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் புது வாழிடம் உருவாகி, காவலுரிமை உள்ளவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தால் அது மாறும். அல்லது புது வாழிடம் உருவாகி, பிள்ளை இருக்கும் இடம் தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலை வந்தோ ஒரு வருடம் ஆகி, திருப்பி அனுப்பும் கோரிக்கை எதுவும் நிலுவையில் இல்லாமல், பிள்ளையும் நிலைபெற்றிருந்தால் மாறும். அதோடு, திருப்பி அனுப்பும் நீதிமன்றம் அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தால் மறு நாட்டிலும் அது செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் டென்மார்க் தவிர மற்ற நாடுகளுக்கு 2022 ஆகஸ்ட் 1 முதல் புது விதிமுறை இருக்கிறது: ஒவ்வொரு நீதிமன்றப் படிநிலைக்கும் 6 வாரம் என்று தனித்தனியாகக் கெடு வைத்திருக்கிறார்கள்.

முன்தீர்ப்புகளைத் தேட மாநாட்டு அமைப்பே நடத்தும் இன்காடாட் என்ற இலவசத் தரவுத்தளம் உதவும். நாடு, பிரிவு எண், திருப்பி அனுப்பியதா மறுத்ததா என்று பிரித்துத் தேடலாம். வழக்கறிஞர் இந்தத் துறைக்குப் புதியவர் என்றால் அவரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆணை கிடைத்த பிறகும் பிள்ளை வராத வழக்குகள் உண்டு. ஜப்பான் 2014-இல் உடன்படிக்கையில் சேர்ந்தும், கூட்டிப் போனவர் உடன் இருந்தால்தான் பிள்ளையை வாங்க முடியும் என்ற நிபந்தனையால் ஆணைகள் முடங்கின; 2020-இல் நடப்புக்கு வந்த திருத்தம்தான் அதை நீக்கியது. அதனால் ஆணையின் வாசகத்தை எழுதும் கட்டத்திலேயே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள், எந்த விமானத்தில், யார் கூட, சீட்டுக்கு யார் பணம், கடவுச்சீட்டு இப்போது யார் கையில், எதிராளி தானாகக் கிளம்பாவிட்டால் எந்த அதிகாரி எந்த நாளில் பிள்ளையை வாங்கி ஒப்படைப்பார், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் நிறுத்தம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிள்ளை நாடு திரும்பிவிட்டால் மேல்முறையீடு செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் அப்படி இல்லை என்றது. திரும்பி வந்த பிள்ளையைப் பற்றிய ஆணை பிற்பாடு கவிழவும் கூடும். அதற்குள் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் காவல் வழக்கைப் பதிவு செய்து முதல் விசாரணைத் தேதியை வாங்கி வைத்திருப்பது மனுதாரரின் வேலை.